பற்றைக் காடாக விட்டால் காணி பறிபோய்விடுமா?

மூதூர்ப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், பெயர், அடையாளம் காட்டும் விபரம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அதன் சாரத்தை முதலில் தருகிறேன்.

தகப்பனார் விட்டுப்போன காணி மொத்தம் பதினொரு ஏக்கர். அதில் எட்டு ஏக்கர் உறுதிக் காணி (நொத்தாரிசு எழுதிய உரிமைப் பத்திரம் உள்ள சொந்தக் காணி), ஆறு ஏக்கர் வயலும் இரண்டு ஏக்கர் மேட்டு நிலமும். 1998 இல் அப்பா அதை மூன்று பிள்ளைகள் பேரிலும் சமபங்காக நன்கொடை உறுதி எழுதிக் கொடுத்திருக்கிறார். மிச்சம் மூன்று ஏக்கர், அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பேர்மிட் காணி, அப்பா பேரில் மட்டும் இருந்தது. 2006 சண்டையில் ஊரே இடம்பெயர்ந்தது. திரும்பி வந்து வயலை மீட்டார்கள். பேர்மிட் துண்டையும் அதோடு ஒட்டிய ஓர் ஏக்கர் மேட்டு நிலத்தையும் துப்புரவாக்கக் கையில் காசு இல்லை. அப்படியே விட்டதில் இன்று அது பாலையும் வீரையும் நாவலும் முதிரையும் எழும்பிய நாலு ஏக்கர் பற்றைக் காடு. நடுவில் ஒரு மோட்டை, அதாவது சின்ன நீர்க்குட்டை. கோடையிலும் அடியில் கொஞ்சம் தண்ணீர் நிற்குமாம். கரைச் சேற்றில் மீன்பிடிப் பூனையின் காலடியைப் பார்த்திருக்கிறார். அறுவடை முடிந்தால் நத்தைகுத்தி நாரைகள் கூட்டமாக வந்து இறங்குகின்றன. சில இரவுகளில் ஒரு தனியன் யானை வந்து நின்றுவிட்டுப் போகிறது.

அப்பா 2024 இல் காலமானார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். கனடாவில் இருக்கும் தம்பி, "ஜேசிபி விட்டுத் துடைத்து வித்துப்போடுவோம் அக்கா" என்கிறார். மோட்டையைச் சுற்றி மண் அள்ளி ஏற்றத் தருமாறு ஒருவர் நல்ல விலை பேசுகிறார். வவுனியாவில் இருக்கும் தங்கை எதற்கும் சரி என்கிறார். போதாக்குறைக்குப் பற்றையின் ஓரத்தில் இரண்டு வருடத்துக்கு முன் ஓர் அரச திணைக்களம் எல்லைக்கல் நட்டிருக்கிறது. அயலவர்களோ, "உன்ர பற்றைக்குள்ளதான் யானை ஒளிச்சு நிக்குது" என்று சண்டைக்கு வருகிறார்கள்.

இவருடைய கேள்விகள் இவை: பற்றையை அப்படியே வைத்திருந்தால் அரசாங்கம் எடுத்துவிடுமா? நானே முந்திக்கொண்டு வனசீவராசிகள் திணைக்களத்திடம் கொடுத்துச் சரணாலயம் ஆக்கிவிடலாமா? இனி வரும் தலைமுறையும் வெட்டக்கூடாது என்று உறுதி எழுத முடியுமா? யானை யாரையாவது அடித்தால் பழி என் மேல் வருமா?

சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். இந்த மாவட்டத்தில் காணி வழக்குகளோடு பல வருடம் கழித்தவன் நான். பயத்தில் பற்றையை வெட்டியவர்கள் நிறையப் பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள். பற்றையை வைத்திருக்க வழி கேட்டு வந்தவர்களை விரலில் எண்ணிவிடலாம். ஒரு பெரியவர் மரம் ஒன்று மிச்சமில்லாமல் டோசர் விட்டுத் தள்ளிவிட்டு, அதன் பிறகு உறுதியைக் கொண்டு வந்து காட்டினார். எந்தக் குறையும் இல்லாத உறுதி அது. ஒரு கிழமை முன்பு வந்திருந்தால் அத்தனை மரமும் நின்றிருக்கும். அதனால்தான் உங்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

பயம் எங்கிருந்து வருகிறது

காடாக விட்டால் காணி போய்விடும் என்ற பேச்சு சும்மா வந்ததல்ல. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க முடிக்குரிய காணி அத்துமீறல் கட்டளைச் சட்டம் என்று ஒன்று உண்டு. காடு, தரிசு, ஆளில்லாத, பயிர் செய்யாத காணி எல்லாம், வேறு விதமாக நிரூபிக்கும் வரை, முடிக்குரியது என்றே அது கருதச் சொல்கிறது. வெள்ளைக்காரன் தோட்டங்களுக்குக் காணி எடுத்த காலத்துச் சட்டம். ஆனால் அந்த அனுமானத்தின் நிழல் இன்னும் எங்கள் மேல் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. யுத்தத்தில் இடம்பெயர்ந்து திரும்பிய சனம், தங்கள் காணியில் எழும்பிய காட்டைப் பார்த்துக் கலங்கியது நியாயம்தான்.

ஆனால் அந்தச் சட்டத்திலேயே "நிரூபிக்கும் வரை" என்று இருக்கிறது. நிரூபிக்க உங்களிடம் 1998 உறுதி இருக்கிறது, அதற்கு முந்திய உறுதிகளும் இருக்கும். அப்படி இருக்கும்போது அந்த ஓர் ஏக்கர் மேட்டு நிலத்தில் பாலை நின்றாலென்ன, பயறு நின்றாலென்ன, அது உங்கள் மூவருடைய காணிதான். தன் உறுதிக் காணியில் மரம் வளர விடுவதற்கு ஒருவர் யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. உரிமையைக் காப்பாற்றுவது கடதாசியும் நடமாட்டமும். மரம் இல்லாத வெறும் தரையாக இருப்பது அல்ல.

நடமாட்டம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, உங்கள் உறுதிக் காணியில் வெளியாள் ஒருவர் பத்து வருடம் தடையில்லாமல், உங்களை மறுத்து, தன் காணி போல இருந்துவிட்டால் அவருக்கு உரித்துக் கோர இடம் கிடைக்கிறது. பற்றை அடர்ந்தால் உள்ளே யார் கொட்டில் போட்டான் என்பதே தெரியாமல் போகும். எனவே எல்லை நெடுகக் கிளுவை நடுங்கள். வருடத்தில் இரண்டு தடவை எல்லைப் பாதையை மட்டும் வெட்டித் துப்புரவாக்கி, படம் எடுத்துத் திகதியோடு வையுங்கள். வயலுக்கு ஏக்கர் வரி கட்டிய துண்டுகளையும் அதே கோப்பில் சேருங்கள். சண்டை நடந்த பகுதி என்பதால் ஒன்று கூடச் சொல்லவேண்டும். அந்தத் துண்டு கண்ணிவெடி அகற்றி முடித்த இடம்தான் என்று பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்தாமல் எல்லை வெட்ட ஆளை அனுப்பாதீர்கள்.

பேர்மிட் துண்டுதான் உண்மையான சிக்கல்

கடிதம் முழுக்க "எங்கள் உறுதிக் காணி" என்று எழுதியிருக்கிறீர்கள். பற்றையின் முக்கால்வாசியும், நீங்கள் வரைந்து அனுப்பிய படத்தின்படி மோட்டை முழுதும், பேர்மிட் துண்டில் இருக்கின்றன. அது 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த அரச காணி. அப்பாவுக்குக் கிடைத்தது நிபந்தனையோடு கூடிய அனுமதி. அதை உரித்துத் தரும் அளிப்பாக மாற்றி எடுக்கவில்லை. ஆகவே உங்கள் பயம் நியாயமாகும் இடம் இந்த மூன்று ஏக்கர்தான்.

அனுமதிப்பத்திரத்தின் பின்பக்கத்தில் நிபந்தனைகள் இருக்கும். தயவுசெய்து ஒவ்வொன்றாக வாசியுங்கள். பொதுவாகக் காணியை அபிவிருத்தி செய்ய வேண்டும், பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் கைமாற்றவோ துண்டாடவோ கூடாது என்று வரும். நிபந்தனை மீறினால் அறிவித்தல் கொடுத்து, விசாரித்து, அனுமதியை ரத்துச் செய்யச் சட்டத்தில் இடம் உண்டு. மூன்று ஏக்கரையும் முழுக்காடாக விட்டுவிட்டுப் பேசாமல் இருந்தால், "இங்கே அபிவிருத்தி ஒன்றும் இல்லையே" என்று ஒருவர் எழுதிவிடலாம். அதே நேரம் தம்பி சொல்வது போல அதை விற்கவும் முடியாது. அனுமதி இல்லாமல் விற்றால் அந்த விற்பனை செல்லாது, அனுமதிப்பத்திரமும் போகும்.

முதலில் அந்தப் பத்திரம் உங்கள் பேருக்கு வரவேண்டும். அப்பா தனக்குப் பிறகு காணியைப் பெறும் பின்னுரித்தாளர் ஒருவரையும் நியமிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சில வருடங்களுக்கு முன் என்றால் இந்தக் கேள்விக்கு நான் வேறு பதில்தான் சொல்லியிருப்பேன். நியமனம் இல்லாத இடத்தில் மகன்மாருக்குப் பிறகுதான் மகள்மார் என்று அட்டவணை இருந்தது. மூத்த பிள்ளை நீங்களாக இருந்தும், அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று வயல் செய்தவர் நீங்களாக இருந்தும், காணி தம்பிக்குப் போயிருக்கும். 2022 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அந்த ஆண், பெண் வேறுபாட்டை எடுத்துவிட்டது. அப்பா காலமானது அதற்குப் பிறகு. பிள்ளைகளில் மூத்தவர் என்ற முறையில் நீங்கள் முன்னால் வருகிறீர்கள். எங்கள் பெண்கள் எத்தனை பேர் இந்த மாற்றம் தெரியாமல் இன்னும் தம்பிமாரின் தயவை எதிர்பார்த்து நிற்கிறார்கள் என்று நினைக்கும்போது மனம் வேதனைப்படுகிறது.

மரணச் சான்றிதழ், உங்கள் பிறப்புச் சான்றிதழ், மூலப் பத்திரம், நீங்கள்தான் காணியைப் பராமரித்து வருகிறீர்கள் என்று கிராம அலுவலர் தரும் கடிதம் ஆகியவற்றோடு பிரதேச செயலகத்துக் காணி உத்தியோகத்தரைப் பாருங்கள். உரித்தாளர் காலமானால் பின்னுரித்தாளர் ஆறு மாதத்துக்குள் காணியை ஏற்று ஆட்சி செய்ய வேண்டும் என்பது விதி. நீங்கள் அன்றிலிருந்து இன்றுவரை அங்கே விட்டு விலகவில்லை. அதைக் காட்டுவதற்குத்தான் அந்தக் கிராம அலுவலர் கடிதம். இனியும் தாமதிக்க வேண்டாம்.

அபிவிருத்தி என்ற சொல்லுக்குக் கட்டாந்தரை என்று அர்த்தம் இல்லை. மூன்று ஏக்கரில் பாதைப் பக்கமாக ஒரு முக்கால் ஏக்கரைத் தென்னை, மா, தேசி என்று தோட்டமாக்குங்கள். மோட்டைத் தண்ணீரைச் சிறுபோகத்தில் உங்கள் வயலுக்குக் கொஞ்சம் எடுக்கிறீர்கள் என்றால் அதுவும் பயன்பாடுதான், எழுத்தில் காட்டுங்கள். மிச்சத்தை மோட்டையின் நீரேந்து மரங்கள் என்று வரைபடத்தில் குறித்து, பிரதேச செயலாளருக்கு ஒரு கடிதம் கொடுத்துப் பிரதியில் முத்திரை வாங்கி வையுங்கள். எங்கள் முன்னோர் குளத்தின் மேல்பக்கம் மரக்கூட்டத்தை வெட்டாமல் விட்டார்கள். காற்று அடித்துத் தண்ணீர் ஆவியாகிப் போவதையும் மண் வந்து குளம் தூருவதையும் அந்த மரங்கள் தடுத்தன. குளக்கட்டுக்குக் கீழேயும் மருதமும் நாணலும் நின்று உப்பு வயலுக்குள் இறங்காமல் பார்த்துக்கொண்டன. நீங்கள் செய்வது அதைத்தான். அலுவலகத்திலும் அந்த மொழியிலேயே பேசுங்கள்.

இன்னொன்று. அந்த மோட்டை நில அளவைத் திணைக்கள வரைபடத்தில் குளம் என்று தனியாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். குறித்திருந்தால் அது உங்கள் பேர்மிட்டுக்குள் அடங்காமல் இருக்கலாம். அப்படியென்றால் அதைத் தூர்க்கவோ தோண்டவோ யாருக்கும் உரிமை இல்லை என்பது உங்களுக்குச் சாதகம்.

அந்த எல்லைக்கல்

கல்லைப் பிடுங்காதீர்கள், தம்பியையும் பிடுங்க விடாதீர்கள். பிடுங்கினால் நீங்கள் சொல்ல வேண்டிய வழக்கை அவர்கள் சொல்லத் தொடங்குவார்கள். அதே சமயம், கல் நட்டதால் மட்டும் ஒரு காணி ஒதுக்குக் காடாகிவிடாது. வனக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஒதுக்குக் காடு என்றால் வர்த்தமானி அறிவித்தல் வேண்டும், அதில் எல்லைகள் இருக்கும். வர்த்தமானி இல்லாத அரச காடு என்று சொல்வார்களானால், அங்கே மேலே சொன்ன 1840 அனுமானத்தில்தான் அவர்கள் நிற்கிறார்கள். உறுதி நிலத்தில் அதை நீங்கள் உடைக்கலாம்.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்தத் திணைக்களத்துக்கு ஒரு விண்ணப்பம் போடுங்கள். எந்த வர்த்தமானி, என்ன திகதி, எந்த வரைபட இலக்கம், கல் நடுமுன் யாருக்கு அறிவித்தல் கொடுக்கப்பட்டது? இந்த நாலு கேள்வி போதும். பதினாலு வேலை நாளுக்குள் முடிவு தரவேண்டும். தராவிட்டால் மேன்முறையீடு இருக்கிறது. என் அனுபவத்தில், இந்த விண்ணப்பம் போனவுடன் பல கற்களின் கதை மாறியிருக்கிறது.

1979 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க அரச காணி ஆட்சி மீட்புச் சட்டத்தின் கீழ் வெளியேறும் அறிவித்தல் எப்போதாவது கையில் வந்தால், அன்றைக்கே ஒரு சட்டத்தரணியிடம் போங்கள். நீதவான் நீதிமன்றத்தில் அந்த வழக்கு வந்துவிட்டால், செல்லுபடியான அனுமதிப்பத்திரத்தை அல்லது எழுத்திலான அதிகாரத்தைக் காட்டுவதைத் தவிர அங்கே பேசக்கூடியது மிகக் குறைவு. பேர்மிட்டை உங்கள் பேருக்கு மாற்றச் சொல்லி நான் இவ்வளவு வற்புறுத்துவது இதற்காகவும்தான். கையில் காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகலாம், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

தம்பியும் மண் வியாபாரியும்

"நான்தான் இத்தனை வருடமும் பார்த்தேன், பத்து வருடம் தாண்டிவிட்டது, காணி எனக்குத்தான்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். இதை நான் திருத்தவேண்டும். கூட்டுரிமைக் காணியில் ஒருவர் இருப்பது மற்றவர்களுக்காகவும் இருப்பதாகத்தான் சட்டம் கருதுகிறது. நீங்கள் அவர்களை வெளிப்படையாக மறுத்து விலக்கி வைத்தால் ஒழிய, வருடங்கள் உங்கள் பக்கம் சேராது. எட்டு ஏக்கரில் தம்பிக்கு மூன்றில் ஒரு பங்கு இன்றும் உண்டு. அவர் 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பங்கீட்டுச் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டால் தடுக்க முடியாது. பங்கிட முடியாத காணி என்று நீதிமன்றம் கண்டால் ஏலத்தில் விற்கும் கட்டளையும் வரலாம். அந்த வழக்குகள் பிள்ளைகள் காலத்துக்கும் இழுபடும்.

எனவே சண்டை பிடிக்காதீர்கள், பேரம் பேசுங்கள். தம்பி கேட்பது காசாக மாறக்கூடிய காணி. பாதையோரமாக இருக்கும் மேட்டு நிலத்தின் நல்ல துண்டை அவர் எடுக்கட்டும். பற்றை நிற்கும் ஏக்கர் உங்கள் பங்கில் வரட்டும். விலை குறைந்த பக்கத்தை நீங்கள் எடுப்பதால் வயலில் கொஞ்சம் கூட்டிக் கேட்கலாம். உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு அளந்து, மூவரும் சேர்ந்து நொத்தாரிசு முன் பங்கீட்டு உறுதி எழுதுங்கள். தம்பி வரவேண்டியதில்லை, தனக்காகக் கையெழுத்திட ஒருவருக்கு அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் அனுப்பினால் போதும்.

அந்த உறுதியில் ஒரு வாசகத்தை மறக்காமல் போடச் சொல்லுங்கள். தம்பியின் துண்டிலிருந்து மழைத் தண்ணீர் மோட்டைக்கு ஓடும் வாய்க்காலை யாரும் மறிக்கவோ தூர்க்கவோ கூடாது என்ற நீரோட்ட உரிமையை, உங்கள் காணிக்கு உரிய பணிமையாக (அயல் காணியின் மேல் உங்கள் காணிக்கு இருக்கும் உரிமையாக) எழுதிப் பதிவு செய்யலாம். நாளைக்குத் தம்பி யாருக்கு விற்றாலும் அது காணியோடு போகும். மரத்தைக் காப்பாற்றத் தண்ணீர் வரும் வழியையும் காப்பாற்ற வேண்டும். பலரும் இதை விட்டுவிடுகிறார்கள்.

மண் ஏற்றுபவரைப் பற்றி அதிகம் எழுதமாட்டேன். சொந்தக் காணி மண் என்றாலும் விற்பனைக்கு அகழ 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்க, கனியச் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும். பேர்மிட் காணியில் அது நிபந்தனை மீறலும் ஆகும். குழி உங்கள் காணியில் இருக்கும், லொறி போய்விடும், வழக்கு உங்கள் பேரில் வரும். வேண்டாம். தம்பிக்கு இன்னொன்றும் சொல்லுங்கள்: முதிரையை வெட்டி ஏற்ற வன இலாகாவின் அனுமதி இல்லாமல் முடியாது. ஜேசிபிக்காரர் அதைச் சொல்லமாட்டார்.

சரணாலயம் ஆக்கலாமா, என்றைக்கும் கட்டிப்போடலாமா

உங்கள் மனசு எனக்கு விளங்குகிறது. அரசாங்கம் எடுக்க முன் நல்ல காரியத்துக்கு நானே கொடுத்துவிடுகிறேன் என்கிறீர்கள். ஆனால் அவசரப்படாதீர்கள்.

1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி தேசியப் பூங்கா போன்ற தேசிய ஒதுக்கிடங்கள் அரச காணியில் மட்டுமே அமையும். சரணாலயத்துக்குள் தனியார் காணியும் வரலாம். எங்கள் மாவட்டத்துச் சேருவில அல்லைச் சரணாலயத்துக்குள் வயல்களும் ஊர்களும் இருக்கின்றன. சனம் அங்கே வாழ்கிறது, பயிர் செய்கிறது, உரிமை அவர்களிடம்தான். ஆக, சரணாலயம் என்றால் காணி போய்விடும் என்பது தவறு. ஆனால் நாலு ஏக்கரை ஒருவர் விண்ணப்பித்துச் சரணாலயம் ஆக்கும் நடைமுறை ஒன்று கிடையாது. அமைச்சர் வர்த்தமானியில் அறிவிப்பது அது, பெரும்பாலும் பெரிய பரப்புகளுக்கு. தேசியச் சுற்றாடல் சட்டத்தின் கீழ் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசம் என்று ஒரு வழியும் உண்டு. கொழும்புக்குப் பக்கத்தில் தலங்கம குளத்தையும் வயல்களையும் 2007 இல் அப்படித்தான் அறிவித்தார்கள். அயலில் உள்ள பத்து, இருபது காணிக்காரர் ஒன்றாக விரும்பினால் ஒரு நாள் அதைக் கேட்கலாம். தனியாக வேண்டாம்.

அடுத்தது, தலைமுறைக்கும் வெட்டக்கூடாது என்று உறுதியில் எழுதுவது. முன்பு பிள்ளை, பேரன் என்று வழிவழியாகக் காணியைக் கட்டிப்போடும் ஏற்பாடு இருந்தது. 1972 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் அதை ஒழித்துவிட்டது. இன்று நீங்கள் அப்படி எழுதினாலும் உங்கள் மகள் அடுத்த நாளே விற்கலாம். சில வெளிநாடுகளில், காணியைத் தானே வைத்துக்கொண்டு அபிவிருத்தி உரிமையை மட்டும் ஒரு பாதுகாப்பு அமைப்புக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். அதற்கென்று தனிச்சட்டம் எங்களிடம் இல்லை. இருப்பது 1917 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம். மனித குலத்துக்குப் பயனுள்ள நோக்கத்துக்காகத் தருமப் பொறுப்பு ஒன்றை நொத்தாரிசு உறுதியால் உருவாக்கி, அந்த ஓர் ஏக்கரை அதில் வைக்கலாம். ஆனால் ஒருதடவை வைத்தால் திரும்ப எடுக்க முடியாது. பொறுப்பாளர்கள் நல்லவர்களாக இருக்கவேண்டும். பேர்மிட் காணியை அதில் வைக்கவே முடியாது.

என் ஆலோசனை: இப்போதைக்கு உங்கள் பங்கைத் தனி உறுதியாக எடுத்துக்கொண்டு, மகளை ஒவ்வொரு அறுவடைக்குப் பிறகும் அந்த மோட்டைக் கரைக்குக் கூட்டிப் போங்கள். பின்பு சாகும்வரை அனுபவிக்கும் சீவிய உரித்தை உங்களுக்கு வைத்துக்கொண்டு அவருக்கு நன்கொடை எழுதலாம். உறுதியில் எழுதிக் கட்டாயப்படுத்த முடியாததைப் பிள்ளையின் மனதில்தான் வைக்கவேண்டும்.

மோட்டையை ஒட்டிய ஓர் ஏக்கர் வயலைப் பறவைகளுக்காகச் செய்யாமல் விடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். விடாதீர்கள். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் வயற்காணி வயலாகவே இருக்கவேண்டும் என்கிறது. செய்யாமல் கிடக்கும் வயலில் பயிர் செய்யும்படி கமநல அதிகாரிகள் உங்களைப் பணிக்கலாம். தவிர, தண்ணீர் நிற்கும் வயலே நாரைக்கும் தவளைக்கும் நல்ல இடம். பெரும்போகம் செய்யுங்கள். மோட்டைப் பக்கத்து வரம்பில் மட்டும் களைநாசினி அடிக்காமல் புல்லை விடுங்கள்.

யானையும் அயலவரும்

சட்டத்தின் பக்கம் இதற்குப் பதில் சின்னது. காட்டு யானை உங்கள் உடைமை அல்ல. அது உங்கள் பற்றையில் படுத்து எழும்பிப் போனதற்காக நீங்கள் பொறுப்பாளி ஆகமாட்டீர்கள். ஆனால் வீட்டு மின்சாரத்தை நேரே வேலிக்கம்பியில் யாராவது கொடுத்து, ஆளோ யானையோ இறந்தால் அது குற்றம். உங்கள் காணி எல்லையில் அயலவர் அப்படிச் செய்யவும் விடாதீர்கள். தீனிக்குள் ஒளித்து வைக்கும் வாய்வெடி, சுருக்குக் கம்பி கண்டால் படம் எடுத்து வனசீவராசிகள் அலுவலகத்துக்கு அறிவியுங்கள்.

ஆனால் சட்டப் பதிலோடு அயலவர் ஆறமாட்டார்கள். அவர்களுடைய நெல் போகிறது. இராத்திரி முழுக்கக் காவலில் கண்விழிப்பவர்களும் அவர்கள்தான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கொஞ்சம் கணக்கைப் பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள். நாலு ஏக்கரில் ஒரு யானை வாழ முடியாது. அது நடக்கும் பரப்பு பல பத்துச் சதுர கிலோமீற்றர். மகாவலி வெள்ளச் சமவெளியும் சோமாவதிப் பூங்காவும் வெருகலும் அதற்கு ஒரே வீடு. இலங்கையின் சுமார் 60 சதவீத நிலப்பரப்பில் யானை நடமாடுகிறது, அந்தப் பரப்பில் ஏறக்குறைய 70 சதவீதத்தில் மனிதரும் குடியிருக்கிறார்கள் என்று நாடளாவிய ஆய்வு ஒன்று காட்டியது. உங்கள் பற்றையைத் துடைத்தால் தனியன் ஊரை விட்டுப் போகாது, அடுத்த பற்றையில் போய் நிற்கும்.

வழி ஒன்று இருக்கிறது, கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். பற்றையைச் சுற்றி வேலி போடாமல், வயல்வெளியைச் சுற்றிப் பருவகால மின்வேலி போடுவது. விதைத்ததும் கம்பி கட்டி, அறுவடை முடிந்ததும் கழற்றி வைப்பார்கள். சூரிய மின்கலத்தில் துடிப்பாக வரும் அந்த மின்சாரம் உதறித் தள்ளும், உயிரை எடுக்காது. காவலும் பராமரிப்பும் விவசாயிகள் கையில் இருப்பதால் அது நிற்கிறது. அறுத்த பிறகு யானை வந்து மிஞ்சிய அடித்தாளைத் தின்றுவிட்டுப் போகட்டும். 2020 இல் தயாரான யானை மனித முரண்பாட்டுத் தேசியச் செயற்திட்டமும் இந்த வகை வேலியைத்தான் முன்னிறுத்தியது. உங்கள் பங்காக, பற்றைக்கும் வயலுக்கும் இடையில் பத்து மீற்றர் அகலத்தை வெட்டி வெளியாக்கிக் கொடுங்கள். யானை நின்றால் தூரத்திலேயே தெரியும், வேலிக் கம்பியில் கொடியும் ஏறாது. நாலு ஏக்கரில் ஒரு கீலம்தான் போகும், அயலவரின் கோபம் பாதி ஆறும். பயிர் அழிந்தால் கமத்தொழில் மற்றும் கமநலக் காப்புறுதிச் சபைக்கு உடனே அறிவிக்கவேண்டும் என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். மீன்பிடிப் பூனை நெல்வயல் எலியையும் தின்னும் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

எதில் தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். இந்தக் கிழமையே பேர்மிட்டோடு காணி உத்தியோகத்தரிடம் போங்கள். தகவல் விண்ணப்பம் அதே நாளில் போகலாம். தம்பியோடு பேசுவது அடுத்தது. நில அளவையாளரை மட்டும் கொஞ்சம் பொறுத்து அழையுங்கள். மார்கழி மழையில் மோட்டை நிரம்பும்போது, தண்ணீர் தொடும் விளிம்பில் நாலைந்து இடத்தில் கட்டை அடித்து வையுங்கள். வெயில் காலத்தில் வந்து அளப்பவருக்கு நடுவில் கிடக்கும் சேறுதான் தெரியும், வரைபடத்திலும் அதையே வரைந்துவிடுவார். கட்டைகளைக் காட்டி, தண்ணீர் இதுவரை வரும் என்று சொல்லி, அந்தக் கோட்டையும் வரைபடத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.